காலையில் ஒரு எடை, மதியம் ஒரு எடை

இப்போதெல்லாம் வழியில் பார்க்கிறவரை ‘சௌக்கியமா’ என்று கேட்டுவிட முடியாது. கேட்டால் போச்சு. நடுத்தெருவில் நிறுத்திவைத்துக் கழுத்து வலியில் ஆரம்பித்துக் கணுக்கால் வரைக்கும் இறங்குவார்கள். போனை எடுத்து எக்ஸ்ரே படம் காட்டுவார்கள். எங்கள் காலத்திலும் வலி இருந்தது. அதைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனோம். இன்றைக்கு வலிக்கு ஒரு பேர், அந்தப் பேருக்கு ஒரு டாக்டர், அந்த டாக்டருக்கு ஒரு ஃபைல். ஃபைல் தடிக்கத் தடிக்க ஆளுக்கு வீட்டில் மரியாதையும் கூடுகிறது.

என் மருமகளின் ஃபைல் இரண்டு விரல் தடிமன்.

நான் படித்தவன் இல்லை. ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் முப்பத்தொரு வருசம் எடை மேடையில் உட்கார்ந்தவன். கல் குவாரிக்கும் ஊருக்கும் நடுவில் லாரி ஏறி நிற்கிற இரும்பு மேடை, பக்கத்தில் கூண்டு மாதிரி ஓர் அறை, அதன் ஜன்னலில் நான். லாரி காலியாக வரும்போது ஒரு எடை, பாரம் ஏற்றித் திரும்பும்போது ஒரு எடை. பெரியதில் சிறியதைக் கழித்தால் சரக்கு. இவ்வளவுதான் வேலை. இந்த இவ்வளவுக்குள் எத்தனை திருட்டு! காலி எடைக்கு வரும்போது டிரம் டிரம்மாகத் தண்ணீரை ஒளித்துக் கொண்டு வருவான், எடை போட்டதும் வெளியே போய்க் கொட்டிவிடுவான். பார எடைக்கு வரும்போது ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே அரை முழம் தள்ளி நிறுத்திவிட்டு, “என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?” என்று பல்லைக் காட்டுவான். பல்லைக் காட்டுகிறவனின் சக்கரத்தைப் பார். நான் படித்த படிப்பு இதுதான்.

அதனால் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகன் தானே டீ போட்டுக் கொண்டுவந்து என் கட்டிலில் உட்கார்ந்தபோது, நான் டீயைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்தேன்.

“அப்பா, ஒண்ணு கேக்கணும். கோபப்படக் கூடாது.”

“கோபப்படுற மாதிரி கேக்கப்போறேன்னு சொல்லு.”

“நீங்க மேல போயிருங்களேன். நாங்க கீழ வந்துடுறோம். அவளால படி ஏறி எறங்க முடியலப்பா.”

எங்கள் வீட்டில் கீழே சமையலறை, கூடம், குளியலறையோடு என் அறை. மேலே அவர்கள் இருவருக்கும் ஓர் அறை. நடுவில் பதினாலு படி. என் மகன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஊரில் பாதிப் பேரை மேலும் கீழும் ஏற்றி இறக்குகிறவன் வீட்டில் பெண்டாட்டிக்குப் படிக்கட்டு. அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவன் முகம் சிரிக்கிற முகமாக இல்லை.

என் அறைக்குத் தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டு. காலையிலிருந்து யார் போகிறார், யார் வருகிறார், எவன் எவன் வீட்டுக் குப்பையை எவன் வாசலில் போடுகிறான், எல்லாம் அதில் தெரியும். மேல் அறை ஜன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. அது மட்டும் இல்லை. என்னோடு வேலை பார்த்த கிரீஸ் என்ற ஒருவர் (மேடையின் அடியில் படுத்துக் கிரீஸ் போடுகிறவர், அந்தப் பேரே நிலைத்துவிட்டது) அவரையும் இப்படித்தான் முதலில் மாடிக்கு அனுப்பினார்கள். மாடியிலிருந்து முதியோர் இல்லம் ஒன்றும் தூரம் இல்லை. அடுத்த வருசமே அங்கே போய்ச் சேர்ந்தார்.

“அவளுக்கு என்ன கேடு? நேத்து மதியம் தண்ணி வாளியைத் தூக்கிட்டுப் போனாளே, நான் பாத்தேனே,” என்றேன்.

“மதியம் கொஞ்சம் பரவால்லப்பா. காலையிலதான்…”

“காலையில முடியாதவளுக்கு மதியம் எப்படி முடியும்? வியாதி என்ன ஷிஃப்ட் வேலையா பாக்குது?”

அவன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். “ஈர மணல் லாரி காலையில ஒரு எடை, மதியம் ஒரு எடை காட்டும், திருட்டு இல்ல, தண்ணி வடியுதுன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க.”

“மணலையும் மனுசியையும் ஒண்ணாக்காதடா.”

சொன்னேனே தவிர, சுருக்கென்றுதான் இருந்தது. ஏனென்றால் அந்த ஈர மணலில் நான் ஒருவனைக் கெடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் எடை போட்ட லாரி, டயர் பஞ்சராகி நின்று, மதியம் மறுபடி மேடைக்கு வந்தது. முந்நூறு கிலோ குறைந்திருந்தது. வழியில் மணலை விற்றுவிட்டான் என்று எழுதிக் கொடுத்தேன். டிரைவருக்கு வேலை போயிற்று. மணலிலிருந்து தண்ணீர் வடியும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அது என் தப்பு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சேதி பரவியதும் அடுத்த வாரமே மூன்று பேர் மணலை நிஜமாகவே விற்றுவிட்டுத் ‘தண்ணி வடிஞ்சிடுச்சு அண்ணே’ என்று வந்து நின்றார்கள். அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

“ஒரு வாரம் பொறு. யோசிச்சுச் சொல்றேன்,” என்றேன்.

நான் யோசிக்கப் போகவில்லை. எடை போடப் போனேன். அன்றைக்கே குளிக்கப் போனபோது எனக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. என் குளியலறைச் சுவரில், இடுப்பு உயரத்தில், பென்சிலால் இரண்டு சின்னப் பெருக்கல் குறி. நான் போட்டது இல்லை. யாரோ டேப்பு வைத்து அளந்திருக்கிறார்கள். நான் சரி என்று சொல்லவே இல்லை, அதற்குள் அளந்தாயிற்று!

பழைய வழக்கப்படி ஒரு சாக்கட்டி எடுத்துக்கொண்டேன். என் அலமாரிக் கதவின் உள்பக்கம் திங்கள் முதல் கட்டம் போட்டேன். ‘கா’ என்றால் காலை. ‘ம’ என்றால் மதியம்.

திங்கள் காலை ஏழு மணி. கூடத்தில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்கட்டைப் பார்த்தேன். அவள் இறங்கினாள். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, குழந்தை இறங்குவதுபோல. கைப்பிடியைப் பிடிக்கவில்லை, உள்ளங்கையைச் சுவரில் அப்பி, தேய்த்துக்கொண்டே வந்தாள். பால் பாக்கெட்டைக் கத்தரியால் வெட்டப் பார்த்தாள், கத்தரி நழுவியது. பல்லால் கடித்துக் கிழித்தாள். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்கினாள். ‘கா’வுக்கு நேரே ‘பாரம்’ என்று எழுதினேன்.

மதியம் ஒன்றரைக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள். தலை வாரி, பை மாட்டி, செருப்புப் போட்டு, ‘வரேன் மாமா’ என்று விடுவிடுவென்று நடந்தாள். ‘காலி’ என்று எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு காரியம் செய்தேன். பெருமையாகச் சொல்லவில்லை, செய்ததைச் சொல்கிறேன். சர்க்கரை டப்பா மூடியை என் முழு பலத்தோடு இறுக்கி வைத்துவிட்டு என் அறைக் கதவு இடுக்கில் நின்றேன். அவள் டப்பாவை எடுத்தாள். திருகினாள். வரவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். வரவில்லை. ‘மாமா’ என்று கூப்பிடுவாள், போய்ப் பார்ப்போம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, டப்பாவைத் தரையில் வைத்து இரண்டு பாதத்துக்கும் நடுவில் இடுக்கி, குனிந்து, முழங்கையை மூடியின் மேல் அழுத்தி உடம்போடு திரும்பினாள். திறந்துகொண்டது. உடனே நிமிரவில்லை. இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வேறொருவன் என்றால் இதில் மனம் இளகியிருப்பான். எனக்கு ஒரு சந்தேகம்தான் வந்தது. கதவு இடுக்கில் என் காலின் நிழல் தெரிந்திருக்குமோ? யாரும் பார்க்காதபோதும் நடிக்கிறவன்தான் பெரிய திருடன்.

புதன்கிழமை மாத்திரை நாள். அவளிடம் ஏழு அறை வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் ஒன்றிரண்டு சில்லறை மாத்திரை. புதன்கிழமை மட்டும் மஞ்சளாய் மிளகு அளவில் ஆறு மாத்திரை, ஆறையும் ஒன்றாக விழுங்குவாள். இந்த மருந்து மற்ற ஆறு நாளும் கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் மருந்து சாப்பிட்டால் போதும் என்றால் அது என்ன பெரிய வியாதி? நேரே மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு நான் வைத்த பேர் சீட்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மிட்டாய்கூடத் தரமாட்டார்.

“தம்பி, வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடுற மாத்திரைன்னு உலகத்துல உண்டா?”

“உண்டு பெரியவரே. உங்க மருமகளுக்குத்தானே? ஏன், என்னாச்சு?” அவர் முகம் மாறிவிட்டது. “தெனமும் சாப்பிட்டுட்டாங்களா?”

“இல்லப்பா. ஏன் தெனமும் சாப்பிடலைன்னுதான் கேக்குறேன். சீக்கிரம் சரியாகும்ல?”

“அய்யோ, அந்த வேலையே வேணாம். தெனமும் சாப்பிட்டா ரத்தமெல்லாம் கெட்டு ஆளே தேறாது. வாரத்துல ஒரு நாள், டாக்டர் சொன்ன அதே நாள். நீங்க எதையும் தொடாதீங்க.”

“நான் ஏன் தொடப்போறேன். அப்படி என்னதான் வியாதி அது?”

“முடக்கு வாதம். நம்ம உடம்பைக் காவல் காக்க உள்ள ஒரு சக்தி இருக்குல்ல, அதுவே திருடன்னு நெனச்சு சொந்த மூட்டைக் கடிக்குது.”

“சொந்தக் காலைக் கடிக்கிற காவல் நாய் உண்டாய்யா?”

“சந்தேகம் ஜாஸ்தியான நாய் கடிக்கும்,” என்றார் சீட்டு. என்னைப் பார்த்துச் சொன்னாரா, சும்மா சொன்னாரா தெரியவில்லை. “காலையில கட்டை மாதிரி இருக்கும். ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா எளகும். சில நாள் எளகவே எளகாது.”

மாதா மாதம் அந்தக் கடையில் மருந்து வாங்குகிறவள் அவள். வாடிக்கைக்காரிக்கு விரோதமாக எந்தக் கடைக்காரன் சாட்சி சொல்வான்? திரும்பி வந்துவிட்டேன்.

வியாழன் காலை அவள் எதையும் தின்னவில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். புதன் மாத்திரை வியாழனில் இப்படித்தான் புரட்டும் என்று மகன் சொன்னான். அன்றைக்கு லீவு போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை, ஒன்றரைக்குக் கிளம்பிவிட்டாள். பத்து நிமிடம் கழித்து நானும் பின்னாலேயே போனேன்.

அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கடைக்கு வெளியே நின்று கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்தேன். விளக்கடியில் உட்கார்ந்து, எள்ளுக்குத் தம்பி மாதிரி இருக்கிற ஒரு திருகாணியை இடுக்கியால் எடுத்து, ஃபிரேமின் ஓட்டையில் வைத்து, முறுக்கிக்கொண்டிருந்தாள். கை நடுங்கவில்லை. எனக்கு உள்ளே மணி அடித்தது. அகப்பட்டாள்! சர்க்கரை டப்பா திறக்க முடியாது, எள்ளைத் திருகத் தெரியுமா?

என் கண்ணாடியைக் கழற்றி அதன் காதுக் கம்பியை நானே கொஞ்சம் வளைத்துவிட்டு உள்ளே போனேன்.

“வாங்க மாமா!” என்று எழுந்தாள். “என்ன, கண்ணாடியா? குடுங்க.”

அவள் திருகாணி முடுக்குகிற குச்சியின் கைப்பிடியைப் பார்த்தேன். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிச் சுற்றிக் கத்தரிக்காய் மாதிரிப் பருமனாக்கி வைத்திருந்தாள். விரல் மடங்காதவர்கள் பிடிக்கிற பருமன். கடை முதலாளியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்க மருமகளா? திருகு வேலைக்கு இவளை மாதிரி கை கிடையாதுங்க. ஆனா ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ளதான். அதுக்கப்புறம் கேட்டா, நாளைக்குப் பாக்கலாம்பா. அந்த மூணு மணி நேரத்துக்குன்னே எல்லாத் திருகையும் எடுத்து வச்சிருவோம்.”

“இவளா கேட்டாளா, நீங்களா குடுத்தீங்களா?”

“போன வருசம் ஒருநாள் காலையில வரச் சொன்னேன். பன்னண்டு திருகாணியைக் கீழ போட்டா. ஒண்ணுகூடத் தேடிக் கெடைக்கல. அதுலேர்ந்து நானே சொல்லிட்டேன், மத்தியானம் வாடிம்மான்னு.”

மருமகள் ஒன்றும் சொல்லாமல் என் கண்ணாடியை நிமிர்த்திக் கொடுத்தாள். “தானா வளைஞ்ச மாதிரி இல்லையே மாமா,” என்றாள். நான் வந்த வழியே வந்துவிட்டேன். அன்றைக்கு ‘ம’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கேள்விக்குறி போட்டேன்.

வெள்ளிக்கிழமை என் குட்டு உடைந்தது. மதியம் நான் பல் தேய்க்கிற பசை வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அவள் என் அறையில், துவைத்த போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு, திறந்த அலமாரிக் கதவின் முன் நிற்கிறாள்.

“இது யாரோட எடை மாமா?”

முப்பத்தொரு வருசத்தில் எத்தனை பேரைப் பிடித்திருப்பேன், என்னை யாரும் பிடித்தது இல்லை.

“எனக்குத் தெரியும் மாமா. பேப்பரைத் தலைகீழா வச்சுட்டு படிக்கட்டைப் பாக்குறது, சர்க்கரை மூடி, கடைக்கு வந்தது. கண்ணாடிக் கடையில வேலை பாக்குறவளுக்குக் கண்ணு தெரியாதா?”

“தெரிஞ்சா சரி. மறைச்சு என்ன ஆகப்போகுது? காலையில பாரம், மதியம் காலி. எப்படின்னு நீயே சொல்லு.”

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் எனக்குச் சௌகரியம். பல்லைக் காட்டுவதற்கு அடுத்தது கண்ணீர்தான். அவள் அழவில்லை. போர்வையைக் கட்டிலில் போட்டாள்.

“பாரத்தை எத்தனை மணிக்கு எடை போட்டீங்க?”

“ஏழு மணிக்கு. நீ எறங்கி வரும்போது.”

“நான் எழுந்திரிக்கிறது நாலரைக்கு மாமா. வர்ற வழியில பாதி சரக்கை எறக்கிட்டு வந்த லாரியை எடை போட்டுட்டு, இதான் பாரம்னு எழுதியிருக்கீங்க. உங்க மேடையில இப்படிச் செஞ்சா ஒத்துக்குவீங்களா?”

ஒத்துக்கொள்ளமாட்டேன்தான்.

“நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மாடிக்கு வாங்க. உங்ககிட்ட ஒரு கொக்கித் தராசு இருக்குல்ல? அதையும் எடுத்துட்டு வாங்க. எனக்கும் தெரியணும், என் கை எவ்வளவுன்னு.”

அந்தத் தராசு என் சொந்தத் தராசு. மேலே வளையம், கீழே கொக்கி, நடுவில் முள். சாயங்காலம் அதை எடுத்துத் துடைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டிச் சரிபார்த்தேன். முள் ஐந்தில் நின்றது. அப்புறம் இன்னொன்றையும் சரிபார்த்தேன். எடை மேடையில் எங்களுக்கு ஒரு வழக்கம். சந்தேகம் வந்தால் லாரியை இறக்கி இறக்கி மூன்று தடவை ஏற்ற வேண்டும். நிஜ எடை மூன்று தடவையும் ஒன்றாக நிற்கும். சக்கரத்தைத் தள்ளி வைக்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வைப்பான், அவனுக்கே அளவு தெரியாது. கைக்கும் அது பொருந்துமா? தராசை ஜன்னல் கம்பியில் கட்டி, கை முடியாதவன் மாதிரி நானே நடித்து இழுத்தேன். நாலு கிலோ. அதே மாதிரி இழுக்கப் பார்த்தேன். இரண்டரை. மூன்றாவது, மூன்றே முக்கால். எவ்வளவு முயன்றும் ஒரே பொய்யை இரண்டு தடவை இழுக்க என்னால் ஆகவில்லை. ஆக, இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

சனிக்கிழமை விடிகிற நேரம் படி ஏறினேன். மகன் ஒரு சட்டியில் வெந்நீர் வைத்துக்கொண்டு கட்டில் அருகே நின்றான். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முடி வாராமல், முகம் வீங்கி, இரண்டு கையையும் மடியில் மல்லாத்திப் போட்டு. அந்தக் கைகள் அவளுடையவைபோல இல்லை. விரல் கணு ஒவ்வொன்றும் பளபளவென்று வீங்கியிருந்தது. கொசு ஒன்று அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. அதை அடிக்கக் கையைத் தூக்கவில்லை, தோளைத் தூக்கிக் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“வெந்நீர்ல வைக்கிறதுக்கு முன்னாடி போட்டுருங்க மாமா,” என்றாள்.

தராசை மேஜை உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டினேன். கொக்கியில் ஒரு நாடாவை மாட்டினேன். உடம்பு எடையைப் போட்டு இழுக்க முடியாதபடி அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மேஜையில் ஊன்றச் சொன்னேன். நாடாவைச் சுற்றி விரலை மடக்கவே அவளுக்கு நேரம் பிடித்தது. மகன் உதவப் போனான்.

“தள்ளுடா. எடை போடும்போது யாரும் மேடையைத் தொடக் கூடாது,” என்றேன்.

இழுத்தாள். இரண்டு கிலோ. முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்து எடை போடக் கூடாது.

“இன்னொண்ணு.”

இரண்டு.

“இன்னொண்ணு.”

“போதும்பா,” என்றான் மகன்.

“மூணு போடணும்ங்க, போட்டாத்தான் கணக்கு,” என்றாள் அவள் அவனிடம். மேல் உதட்டில் வேர்த்திருந்தது. இழுத்தாள். ஒன்றே முக்கால்.

அன்றைக்கு மதியம் ஒரு மணிக்குக் கீழே என் அறையில் அதே தராசு, அதே நாடா, அதே நாற்காலி. ஒன்பது. எட்டே முக்கால். ஒன்பது.

மூன்றும் மூன்றும் ஆறு எடை. காலை மூன்றும் தங்களுக்குள் சேர்ந்து நின்றன, மதியம் மூன்றும் தங்களுக்குள் சேர்ந்து நின்றன. அலமாரிக் கதவில் எழுதிவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே ஓட்டை என்று தேடினேன். வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தால் ஒருத்தி மூன்று தடவையும் இரண்டு கிலோ இழுக்கக் கற்றுக்கொள்ள முடியாதா? முடியலாம். ஆனால் என்னிடம் தராசு இருப்பதுதான் அவளுக்குத் தெரியும், நான் மூன்று தடவை கேட்பேன் என்பது? அதுவும் தெரிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் நூறு தடவை என் மேடைக் கதையைச் சொல்லியிருக்கிறேனே. தலையை வலித்தது.

ஆனால் எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. மனசு என்ன சொன்னாலும் மூன்று எடை ஒத்துப்போனால் சீட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். டிரைவரின் மூஞ்சி பிடிக்கவில்லை என்று லாரியை நிறுத்திவைக்க முடியாது. ஒரே ஒரு தடவை நான் மூன்று போடாமல் ஒரே எடையில் எழுதினேன். அதுதான் அந்த ஈர மணல். விட்டு விட்டு மூன்று போட்டிருந்தால், தண்ணீர் வடிய வடிய எடை இறங்குவதைப் பார்த்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகன் கேட்பதற்கு முன்னால் நானே என் படுக்கையைச் சுருட்டினேன். அவன் ஓடிவந்தான்.

“அப்பா, நெஜமாவா?”

“பேசாம அந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கு. அலமாரி இங்கயே இருக்கட்டும். கதவைத் தொடைக்கக் கூடாது.”

மதியத்துக்குள் அவன் டிரில் மிஷினைக் கொண்டுவந்து என் குளியலறைச் சுவரில், சரியாக அந்த இரண்டு பென்சில் குறியில், ஓட்டை போட்டுக் கைப்பிடிக் கம்பி ஒன்றை முடுக்கினான். பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற கம்பி. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

“இந்தக் குறி எப்படா போட்டே?”

அவன் தலையைத் திருப்பவில்லை. “பத்து நாள் இருக்கும்.”

“நீ என்கிட்ட கேட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

அவன் டிரில்லை மறுபடி ஓட்டினான். அவள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

“முன்னாடிதான் மாமா,” என்றாள். “நான்தான் அளக்கச் சொன்னேன். நீங்க முடியாதுன்னுட்டாலும், நீங்க வெளியில போற நேரமாவது இங்க குளிச்சுக்கலாம்னு.”

“பாத்தியா! நான் நெனச்சேன்.”

“நெனச்சது சரிதான். அதுக்காக மத்ததும் சரியாயிடுமா?”

கெட்டிக்காரி. அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இல்லை. கெட்டிக்காரிகளை நம்பக் கூடாது என்பதிலும் இல்லை.

“இன்னுமா நம்பல மாமா?” என்று கேட்டாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி இருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது, கையில் கரண்டியைச் சுலபமாகப் பிடித்திருந்தாள்.

“முள்ளு சொன்னதை எழுதினேன். நான் ஒண்ணும் சொல்லல,” என்றேன். “மழைக்காலத்துல மறுபடி மூணு போடணும். அப்ப பாக்கலாம்.”

“போடுங்க. அதுவரைக்கும் சர்க்கரை டப்பாவை மட்டும் இறுக்காதீங்க.”

கொக்கித் தராசை ஜன்னல் கம்பியிலிருந்து அவிழ்த்தேன். தெருவில் எதிர்வீட்டுக்காரன் தன் குப்பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று எட்டிப் பார்த்தேன், அதற்குள் ஜன்னலை மறைத்துக்கொண்டு மகன் அவளுடைய தலையணையைக் கொண்டுவந்து போட்டான். தராசைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, படி ஏறினேன். பதினாலு என்று அவன் சொல்லித்தான் கேள்வி. நான் ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டே போனேன்.